ஓகினு முன்வரிசையில்தான் நிற்பாள்

ராஜா அண்ணாமலைபுரம்,
சென்னை – 28.
17.11.2025, திங்கள்கிழமை

அன்புள்ள தாரணிக்கு,

இறந்துபோனவர்களோடு நான் பேசிக்கொண்டிருப்பதாக உன் அண்ணி சரண்யா உனக்குச் சொல்லியிருக்கிறாள். அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. நான் பேசுவதில்லை, படிக்கிறேன். வாய்விட்டுப் படிப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது, ஓகினு இறந்துபோகவில்லை. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அது உலகத்துக்கே தெரிந்துவிடும்.

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறது, போன வருடம் போல இல்லை. முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சேர்ந்து போனில் பேசும்போது சொல்லலாமே என்று நீ கேட்பாய். அங்கே நான் வாயைத் திறந்தால் சரண்யா, “அத்தை, உங்க குரல் கட்டாகுது” என்கிறாள். கடிதத்தில் குரல் கட்டாகாது. அதனால் மந்தைவெளி தபால் நிலையத்துக்கு நானே நடந்து போய் இதை அனுப்பப் போகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் பின்னறையில் பதினான்கு மாதம் வாடகைக்கு இருந்த ஆஷாவை நினைவிருக்கிறதா? தரமணியில் வேலை பார்த்த பெண். சாயங்காலம் வந்ததும் டிவியில் தன் விளையாட்டுப் பெட்டியை மாட்டி ஒரு ஜப்பானிய விளையாட்டு ஆடுவாள். ‘நைன் ஷோர்ஸ்’ என்று பெயர். கடலில் மூழ்கிப்போன ஒரு நாடு. அதில் மிச்சமிருக்கும் ஒன்பது கரைகள். ஒரு படகில் நான்கு பேர் கரை கரையாகப் போகிறார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள். அது ஆங்கிலத்தில், திரையின் அடியில் எழுத்தாக வரும். ஆஷா அதைப் படிக்காமல் பட்டனைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவாள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவது போல இருந்தது எனக்கு. ஒரு நாள் பொறுக்காமல், “அந்த மனிதர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டுவிட்டாவது போயேன்” என்றேன். “அப்ப நீங்க படிங்க ஆன்ட்டி, நான் சண்டை போடறேன்” என்றாள். அப்படித்தான் தொடங்கியது. நான் படித்தேன், அவள் சண்டை போட்டாள். பிறகு நானே சண்டையும் கற்றுக்கொண்டேன். போன பிப்ரவரியில் அவளுக்கு பெங்களூருக்கு மாற்றலானபோது, புதுப் பெட்டி வாங்கப் போகிறேன் என்று பழையதை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று உன் அண்ணன் சொல்கிறான். அவனுடைய கிரிக்கெட்டும் பதினோரு பேர் பந்து பொறுக்குவதுதான். நான் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தப் படகு ஓகினு என்ற பெண்ணுடையது. வயது அறுபத்தெட்டு. புருஷன் கடலில் போய்விட்டான். ‘கினு’ என்றால் ஜப்பானிய மொழியில் பட்டு என்று ஆஷா சொன்னாள். கடையில் பட்டு விற்ற உன் அப்பா இருந்திருந்தால் உடனே, “என்ன பட்டு, எந்த ஊர்ப் பட்டு?” என்று கேட்டிருப்பார். சண்டை வரும்போது நான்கு பேரும் இரண்டு வரிசையாக நிற்க வேண்டும். முன்வரிசையில் நிற்பவர் பலமாக அடிக்கலாம், அடியும் வாங்குவார். பின்வரிசையில் இருப்பவர் பத்திரமாக இருப்பார், எதையும் பெரிதாகச் செய்யவும் முடியாது. ஓகினுவை அந்தப் பெட்டி தானாகவே பின்வரிசையில்தான் வைக்கும். உலகம் முழுக்க ஆடுகிறவர்களும் அவளை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள். வயதானவள், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று.

நான் அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். “ஆன்ட்டி, அந்தக் கிழவி ரெண்டே அடில காலி” என்றாள் ஆஷா. கிழவி என்று சொல்லாதே, படகின் சொந்தக்காரி என்று சொல் என்றேன். இரண்டு அடியில் காலியானாள், உண்மைதான். மூன்றாம் கரையில் இருக்கும் நண்டிடம் மட்டும் நாற்பத்து மூன்று முறை தோற்றேன். ஒவ்வொரு தோல்வியையும் நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த அடிக்கு எப்போது குனிய வேண்டும், எப்போது துடுப்பால் தடுக்க வேண்டும் என்று. நாற்பத்து நான்காவது முறை நண்டு விழுந்தது. ஓகினு அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பின்வரிசைக்குப் போகவில்லை.

இதை எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இந்த வைகாசியில் சரண்யாவின் தங்கைக்கு அபிராமபுரம் மண்டபத்தில் வளைகாப்பு நடந்தது. நான் சீக்கிரமே போய் முன்னால் உட்கார்ந்தேன். சரண்யாவின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “சம்பந்தி, இங்க உங்களுக்குப் புழுக்கமா இருக்கும். கடைசி வரிசைல ஃபேனுக்குக் கீழ நல்லாக் காத்து வரும், அங்க உக்காருங்களேன்” என்றார். அந்த மண்டபம் முழுவதும் ஏசி, தாரணி. நான் எழுந்து போய் உட்கார்ந்தேன். காற்று நன்றாகத்தான் வந்தது. உன் அண்ணன் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன் போனைப் பார்த்தான்.

ஆவணியில் அவர்கள் குடும்பத்தில் இன்னொரு வளைகாப்பு, அதே மண்டபத்தில். அதற்கு இரண்டு நாள் முன்புதான் நான் கதையின் முடிவுக்கு வந்திருந்தேன். கடைசியில் வரும் மிருகம் படகைச் சங்கிலியால் கடலுக்குள் இழுக்கிறது. ஓகினு தண்ணீரில் குதித்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, அதோடு ஆழத்துக்குப் போய்விடுகிறாள். படகு பிழைக்கிறது. அவள் மேலே வரவில்லை. நான் டிவியை அணைத்துவிட்டு அழுதேன். மறுக்கவில்லை. சரண்யாவின் அம்மா போனில் அழைத்தபோது, எனக்குத் துக்கம், நான் வருவதற்கில்லை என்றேன். “ஐயோ, யாரு சம்பந்தி?” என்றார். உங்களுக்குத் தெரியாதவர், படகு ஓட்டிக்கொண்டிருந்தவர் என்றேன். பொய் சொல்லவில்லை. முழு உண்மையையும் சொல்லவில்லை, அது என் தவறு. அந்த மண்டபத்துக்கு இன்னொரு முறை போக எனக்கு மனமில்லை என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். “மாமா போனப்ப ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவங்க, டிவி பொம்மைக்கு அழறாங்க” என்று சரண்யா சொன்னாளாம். உன் அப்பாவுக்காக நான் எப்போது அழுதேன், எங்கே உட்கார்ந்து அழுதேன் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பதினாறாம் நாள் நம் தி.நகர் கடையில் தீபாவளிச் சரக்கு இறங்கியது. ஒருவர் நின்று பார்க்க வேண்டியிருந்தது. நான் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்று கை வலித்ததால் நிறுத்திவிட்டேன். இன்று காலை ஜெசிந்தா வஞ்சிரம் கொண்டுவந்தாள். நல்ல மீன். அவளைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் அவளுக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் முடிவின் விவரம். ஓகினு தண்ணீரில் மறைவதற்கு முன்னால் ஒரு வரி சொல்வாள். “என்னை விடுங்கள், துடுப்பைப் போடுங்கள்” என்பதுதான் உலகத்தில் எல்லோருக்கும் வந்த வரி. ஆஷாவுக்கும் அதுதான் வந்ததாம். எனக்கு வந்தது வேறு. “என் படகைக் கட்டி வையுங்கள். யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.” இதை போனில் சொன்னதும் ஆஷா கத்திவிட்டாள். தொடக்கத்திலிருந்து கடைசி வரை அவளை முன்வரிசையிலேயே வைத்து ஆடியவர் யாருமே இல்லை. அதனால் யாரும் அந்த வரியைப் பார்த்ததில்லை. இந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் ஆஷா என்னைச் சேர்த்துவிட்டாள். திரையில் வந்த வரியைப் படமெடுத்துப் போட்டு, நான்கு பத்திகள் எழுதினேன். முதல் நாள் வந்த பதில்கள் எல்லாம் நான் பொய் சொல்கிறேன் என்றுதான். ஒருவன், நானே படம் வரைந்து ஏமாற்றுகிறேன் என்றான். நோட்டில் இருப்பதை வரிசையாக எழுதிப் போட்டேன், நீங்களே ஆடிப் பாருங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து ஒசாகாவில் ஒரு நர்ஸ் ஆடி முடித்து, அந்த வரி வருகிறது என்று எழுதினாள். அடுத்து பிரேசிலில் ஒரு மாணவன். பொய் என்று சொன்னவன் மன்னிப்புக் கேட்டான். ஆங்கிலம் சுமார்தான், ஆனால் கேட்டான். இப்போது அங்கே என்னை மேடம் பேச்சி என்கிறார்கள். இந்த ஊரில் கடைசியாக யார் என் பெயர் சொல்லி அழைத்தது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி இரண்டாம் பாகம் வருகிறது என்று அக்டோபரில் ஒரு சின்னப் படம் வெளியிட்டார்கள். ஐம்பது விநாடிதான். பனி மூட்டம், ஒரு கரை, ஒரு கம்பத்தில் கட்டிய படகு. வேறு ஒன்றுமில்லை. கயிறு புதிது, தாரணி. உலகம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கட்டியது யார்? அவளா, மற்ற மூவரில் ஒருவரா?

ஜெசிந்தா மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு இதையெல்லாம் பார்ப்பாள். முதல் நாள், “இன்னாமா இவ, துடுப்ப முறத்தப் புடிக்கிற மாறி புடிச்சுக்கினு கீறா” என்று சிரித்தவள்தான். ஓகினு மூழ்கியபோது, “பொணம் கரைக்கு வந்துச்சா? வர்ல இல்ல? அப்ப நீ இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற?” என்று என்னை அதட்டினாள். அந்த ஐம்பது விநாடிப் படத்தை அவளுக்குக் காட்டினேன். கயிற்றைப் பார்த்தாள், நிறுத்தச் சொல்லி மறுபடி பார்த்தாள். “இது கரைல நிக்கிறவன் போட்ட முடிச்சு இல்லமா. தண்ணிலேர்ந்து ஏறி வந்தவ போட்டது. பாரு, கடல் பக்கமா இழுத்து முடிஞ்சு கீது” என்றாள். இதுவரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்தைச் சேர்ந்த திருமதி ஜெசிந்தா சொன்னது என்று அவள் பெயரோடு எழுதிப் போட்டேன். ஆறாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். “இன்னாமா, மீன் வாங்க வருவாங்களா?” என்று கேட்டாள்.

போன மாதம் விளையாடும் கைப்பிடியில் ஒரு குமிழ் தேய்ந்து ஓகினு தானாகவே இடப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். ரிச்சி தெருவில் முதஸ்ஸிர் என்பவர் கடைக்கு அதைப் பழுது பார்க்க ஆட்டோவில் போனேன். “உங்க பையன் இன்னா கேம் ஆட்றாரும்மா?” என்றார். என் பையன் ஜவுளி விற்கிறான், ஆடுவது நான் என்றேன். கைப்பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செகண்ட் பார்ட் வந்தா மொத காப்பி உங்களுக்குத்தாம்மா” என்று என் பெயரைத் தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முதல் வரியில் எழுதினார். நான் பார்த்தேன்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

அக்டோபர் கடைசியில் சரண்யா, இன்ஷூரன்ஸ் ஆள் என்று சொல்லி ஒரு இளைஞரை அழைத்து வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையை அவர் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். ஐந்து சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன், தலைகீழாகவும் சொன்னேன். என்ன மாதம், என்ன கிழமை என்று கேட்டார். கடிகாரம் வரையச் சொன்னார். பதினொன்று பத்து என்று முள் வரைந்தேன். கடைசியாக, சமீபத்தில் உங்களை வருத்திய விஷயம் எது என்றார். ஓகினு தண்ணீருக்குள் போனது என்றேன். எதிர்பார்த்துக் காத்திருப்பது? பிப்ரவரி பத்தொன்பது என்றேன். அவர் தலையைக் குனிந்து எழுதினார். சரண்யா அவரைப் பார்த்து, “பாத்தீங்களா?” என்றாள். நான் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

சென்ற வியாழக்கிழமை உன் அண்ணன் சக்திவேல் ஒரு கோப்போடு வந்தான். “ஈ.பி. கனெக்‌ஷன் இன்னும் அப்பா பேர்லயே இருக்கும்மா. நாலு எடத்துல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன், அங்க மட்டும் சைன் போடு, படிக்க ஒன்னும் இல்ல” என்றான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பாளையங்கோட்டை கான்வென்டில் கேள்வித்தாள் முழுவதையும் படித்து முடிக்காமல் பேனாவைத் தொட்டால் மதர் பேனாவைப் பிடுங்கிவிடுவார். அது மட்டுமில்லை, திரையில் வரும் குடியானவன் சொல்வதையே படிக்காமல் தள்ளாதவள் நான். என் பிள்ளை கொண்டுவந்த தாளைத் தள்ளுவேனா? இதை அவன் யோசித்திருக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. அவன் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான்.

பதினோராம் பக்கம் எனக்கானது இல்லை. உனக்கு அனுப்ப வைத்திருந்தது, கோப்பில் தவறிச் சேர்ந்திருக்கிறது. வக்கீல் அய்யாதுரை தயாரித்தது. எங்கள் தாயார் தாமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை, இந்த வீட்டை விற்பது உட்பட அவருடைய காரியங்களையெல்லாம் மகன் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இருவரும் சம்மதிக்கிறோம் என்று எழுதியிருந்தது. கீழே சக்திவேலின் கையெழுத்து. அதற்குக் கீழே உன் பெயர், பக்கத்தில் காலியிடம். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பின் படம். ஜனவரி இருபத்தைந்து முதல் எனக்கு அங்கே அறை. பொது டிவி ஒன்று உண்டாம், சாயங்காலம் பக்திப் பாடல்களாம்.

இது என்ன என்று கேட்டேன். “அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஈ.பி. தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டேன், ஏனென்றால் அது நியாயமான தாள். வீட்டுத் தாள்களில் இருந்த மற்ற மூன்று ஸ்டிக்கர்களையும் பிய்த்து அவன் கையில் கொடுத்தேன். அவன் கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உன் அண்ணன் கெட்டவன் இல்லை. நீ அவனோடு சண்டை போட வேண்டாம். உன் அப்பா குளியலறையில் விழுந்த அன்று அவன் அடையாறு பாலத்தில் ஐம்பது நிமிடம் நகர முடியாமல் நின்றான். ஆறு வருடமாக அவன் அந்தப் பாலத்தை விட்டு இறங்கவில்லை. இன்னொரு முறை அங்கே நிற்க அவனுக்குப் பயம். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவன் பயத்துக்காக நான் போய்ப் பின்வரிசையில் உட்கார முடியாது.

எனக்கு எழுபத்து நான்கு வயது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு முறை மறந்திருக்கிறேன், அதை மறைக்கவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டாகிவிட்டது. எதிர்வீட்டு நஸ்ருன்னிசா தினமும் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறாள். நான் திறக்கும் வரை நகர்வதில்லை. அவளிடமும் ஜெசிந்தாவிடமும் சாவி இருக்கிறது. முடியாமல் போகும் நாள் ஒன்று வரும். அன்று நானே உங்கள் இருவரையும் அழைத்துச் சொல்வேன். நான் சொன்ன சொல்லை எப்போதாவது மாற்றியிருக்கிறேனா? அந்த நாள் ஜனவரி இருபத்தைந்து இல்லை.

பிப்ரவரி பத்தொன்பது வியாழக்கிழமை. காலையில் முதஸ்ஸிர் கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுவேன். ஜெசிந்தா அன்றைக்கு விற்பனையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆஷா லீவு போட்டுவிட்டு பெங்களூரிலிருந்து வருகிறாள். நஸ்ருன்னிசாவுக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் பிரியாணி அவள் பொறுப்பு. இந்தக் கூடத்தில், இந்த டிவிக்கு முன்னால், நாங்கள் நால்வரும் உட்காரப் போகிறோம். படகைக் கட்டியது யார் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ அங்கே அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. பெரியவளுக்குக் கணக்கு வராவிட்டால் திட்டாதே, உனக்கும் பத்து வயது வரை வரவில்லை. நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும். யார் எங்கே உட்காரச் சொன்னாலும், உனக்கு விருப்பமான இடத்தில் உட்காரும் தைரியம் உனக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

அந்தப் பதினோராம் பக்கம் உனக்கு வந்து சேர்ந்ததா? அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா, இல்லையா? இரண்டு வரி போதும். போனில் வேண்டாம், அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். ஒரு காகிதத்தில், உன் கையால் எழுதி, என் பெயருக்கு, இந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
பேச்சியம்மாள் கருணாகரன்